கூட்டத்தன்று வரும் யானை

வீரையடிக்குளத்தில் யானை எப்போது வேலியை உடைக்கும் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பூங்காக் குழு கூட்டம் வைக்கிற அன்றைக்கு உடைக்கும்.

மற்ற நாட்களில் அந்தத் தனியன் யானை பொழுதுபட வரும். மின்வேலிக்கு அப்பால் நின்று தும்பிக்கை நுனியால் கம்பியைத் தொட்டுப் பார்க்கும். சுள்ளென்று ஒன்று வாங்கிக்கொண்டு, வந்த காரியத்தையே மறந்துவிட்ட மாதிரித் திரும்பிப் போகும். கூட்டம் நடந்த நாளில் மட்டும் கம்பியை வாழைநார் போல இழுத்து எறிந்துவிட்டு, நேரே கமலாசனியின் சிறுபோக வயலுக்குள் இறங்கும். கமலாசனி அந்தக் குழுவின் இணைத் தலைவி.

"கூட்டம் எண்டு அதுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?" என்று கேட்டபடியே அவள் மூன்று மாதமாகத் திரிந்தாள்.

அவளுடைய தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்துத் தோட்டத்தை விட்டு இறங்கி, ஒட்டுசுட்டானுக்கு அங்காலே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள். நீர்ப்பம்பு நின்றால் கழற்றிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு பொருள் ஓடுகிறது என்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும், நிற்கிறது என்றாலும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இந்த யானைக்கு மட்டும் காரணம் அகப்படவில்லை.

இப்போது அது அகப்பட்டே ஆகவேண்டிய நிலை. வருகிற வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து, காட்டைப் பார்க்கிற திணைக்களத்தின் பணிப்பாளர் வருகிறார். போன முறை போகும்போது அவர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு தரம் யானை வேலியை உடைத்தால் குழு கலையும், வாசலுக்குப் பூட்டு விழும், காடு முழுக்கத் திணைக்களத்தின் கையில் இருக்கும். பூட்டு விழுந்தால் பாலைப்பழம் இல்லை, விறகு இல்லை, உள்ளே இருக்கிற குளத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை, ஐயனார் கோயிலுக்குப் போக வழியும் இல்லை. பணிப்பாளர் வருகிற நாளே கூட்ட நாள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

இந்தக் குழு எப்படி வந்தது என்று சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

வடதுருவத்துக்குக் கிட்ட ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பனியும் பாறையும் வெள்ளைக் கரடியும் உள்ள இடம். அந்த மண்ணின் சொந்தக்காரர் இனுவிட் மக்கள். அங்கே அரசாங்கம் தனியே பூங்காவை நடத்துவதில்லை. மேசைக்கு ஒரு பக்கம் அரசாங்கத்து ஆட்கள், மறுபக்கம் அதே எண்ணிக்கையில் ஊராட்கள். கை தூக்கி எண்ணுகிற வழக்கம் கிடையாது. எல்லாரும் சம்மதித்தால்தான் தீர்மானம். ஒருவர் மறுத்தால் எல்லாரும் திரும்ப உட்கார்ந்து கதைக்க வேண்டும். இந்த ஏற்பாடு நல்லது என்று யாரோ கண்டு, வீரையடிக்குளத்துப் புதுப் பூங்காவை அதற்கு இரட்டைப் பிள்ளையாக்கிவிட்டார்கள். இங்கே ஆறு திணைக்கள ஆட்கள், ஆறு ஊராட்கள். அங்குள்ள குழுவில் எங்களுக்கு ஒரு குரல், இங்குள்ள குழுவில் அவர்களுக்கு ஒரு குரல்.

ஆகவே வடதுருவப் பூங்காவை இனுவிட் மக்களோடு சேர்ந்து நடத்துகிற பொறுப்பும் வீரையடிக்குளத்தின் தலையில் விழுந்தது. ஊர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. பனிமான்கள் கன்று போடுகிற பள்ளத்தாக்குக்கு மேலாக ஹெலிகொப்டர் பறக்கலாமா என்ற கேள்வி வந்தபோது இங்கே இரண்டு கூட்டம் நடந்தது. மாட்டுக்கார அப்புத்துரை எழும்பி நின்று, "ஹெலி பறந்தால் மாடு ஓடும், ஓடினால் கன்று விழும். எனக்கு நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. பறக்கக்கூடாது" என்றார். அந்தச் சொல் அப்படியே வடதுருவத்துக்குப் போனது. அந்தக் கோடைக்கு அந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஹெலிகொப்டர் பறக்கவில்லை. அப்புத்துரை அந்தப் பனிமானைப் படத்தில்கூட வடிவாகப் பார்த்ததில்லை.

அங்கிருந்து வந்த பூங்காத் திட்டத்தை அப்படியே தமிழாக்கியிருந்தார்கள். வெள்ளைக் கரடி என்று இருந்த இடமெல்லாம் யானை என்று மாற்றியவர் மிச்சத்தை மாற்ற மறந்துவிட்டார். அதனால் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும் காலத்தில் குளத்தின்மேல் நடப்பது வீரையடிக்குளத்தில் குற்றம். கூடாரத்துக்குள் கடல்நாய் இறைச்சி வைத்திருப்பதும் குற்றம். ஊர் இந்த இரண்டு விதியையும் ஒரு நாளும் மீறியதில்லை. அன்பளிப்பாகப் பன்னிரண்டு மயிர்ச் சட்டைகளும் வந்தன. முழங்கால்வரை நீளம், தொப்பியோடு சேர்த்துத் தைத்தவை. வடதுருவத்தோடு காணொளியில் பேசுகிற நாட்களில் மரியாதைக்காக எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஆனி மாத வெயிலில்.

யானையின் விஷயத்தில் குழு சும்மா இருக்கவில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்துக்குத்தான் வருகிறது என்று ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள், வந்தது. தேநீரோடு கொடுக்கிற றோல்ஸ் மணத்துக்கு வருகிறது என்று வெறுந்தேநீரோடு கூட்டம் வைத்தார்கள். யானையும் வந்தது, சனமும் குறைந்தது. கூட்டம் என்று சொல்லாமல் ஒருநாள் கலியாணக் காரியம் கதைக்கிற மாதிரிக் கூடினார்கள். அதற்கும் வந்தது. ஒரேயொரு கூட்டத்துக்கு மட்டும் வரவில்லை. அன்றைக்கு மழை கொட்டியதால், ஒவ்வொரு கூட்டமும் முடியப் போகிற மாதிரி வேலியைப் பார்க்கப் போகாமல் மண்டபத்தோடு முடித்துக்கொண்டார்கள். யானைக்கு மழை பிடிக்காது என்று குழு முடிவு செய்தது.

"பேசாமல் அதையும் குழுவில சேருங்கோ" என்றார் அப்புத்துரை. "எங்கட பக்கத்தில ஒரு கதிரை விடுறன். எல்லாரும் சம்மதிக்க வேணும் எண்டுதானே சட்டம். அதிட்டயும் கேட்டால் என்ன?"

"அண்ணை, அது இருந்தால் கதிரை தாங்காது" என்றார் தயாபரன். அவர் திணைக்களத்துப் பக்கத்து இணைத் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், மின்சாரம் படித்தவர், இந்த வேலியைத் தன் கையால் போட்டவர். உடைந்த ஒவ்வொரு முறையும் மறுநாள் பகல் வந்து, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டி, கறண்ட் அளக்கிற மானியை வைத்துப் பார்ப்பார். முள் உச்சியில் நிற்கும். ஒரு பிழையும் இராது. அவருக்கு அதுதான் பெரிய அவமானம். பிழை இருந்தால் திருத்தலாம். பிழையே இல்லாத வேலியை என்ன செய்வது?

புதன்கிழமை பின்னேரம் வடதுருவத்தோடு கடைசிக் காணொளி. அந்தப் பக்கத்து இணைத் தலைவி மீக்கா திரையில் வந்தாள். அங்கே விடிகாலை. ஆனால் கோடையில் அவர்களுக்கு இருட்டே இல்லை என்பதால், அவள் எந்த நேரமும் நித்திரையால் எழும்பின முகத்தோடுதான் இருப்பாள். மயிர்ச் சட்டைக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரையும் பார்த்து அவள் என்னவோ சொல்ல, மொழிபெயர்க்கிற பிரஷாந்தினி கொஞ்சம் தயங்கினாள். அவள் திட்டத்தின் இணைப்பாளர், வவுனியாப் பிள்ளை.

"என்னவாம் மிஸ்?"

"உங்கட ஊரும் இவ்வளவு குளிரோ எண்டு கேக்கிறா."

யானையின் கதையைக் கமலாசனி முதலிலிருந்து சொன்னாள். மீக்கா சிரிக்கவில்லை. தன் பூங்காவின் முகாமைச் சுற்றியும் கரடிக்காக மின்வேலி உண்டு என்றாள். ஒருநாள் வேலி வேலை செய்யாவிட்டால் அவர்கள் இருந்து யோசிப்பதில்லையாம். முதல்நாள் என்னென்ன செய்தார்களோ, அதையெல்லாம் அதே ஆட்கள் அதே ஒழுங்கில் திரும்பச் செய்வார்களாம். ஒருவர் மட்டும் செய்யாமல் தள்ளி நின்று பார்ப்பாராம். "நீங்கள் செய்யுங்கோ, நான் தள்ளித்தானே நிக்கிறன்" என்றாள்.

அவள் அவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்பதை ஒருவரும் மறுக்க முடியாது.

குழு சட்டையோடேயே எழும்பி வெளிக்கிட்டது. பிரஷாந்தினி தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வயல்வரம்பு, ஒற்றையடிப் பாதை, வேலி வாசல். வாசலில் தயாபரன் திறப்பைப் போட்டுத் திறந்தார். எல்லாரும் உள்ளே போனார்கள். வேலிக்குக் கீழே புல் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். பச்சைப் புல் கம்பியில் முட்டினால் கறண்டைக் குடித்துவிடும் என்பதால், கிழமைக்கொரு தரம் ஊரே கூடிச் சிரமதானம் வைத்து அந்த இடத்தைத் தலைவழித்த மாதிரிச் சுத்தமாக வைத்திருந்தது. ஒரு புல்லும் இல்லை. திரும்பினார்கள்.

"முடிஞ்சுதோ? எல்லாம் பாத்தாவோ?" என்று கேட்டார் அப்புத்துரை.

பிரஷாந்தினி தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். முகம் சுளித்தாள். திரும்பவும் கேட்டாள்.

"வேலிக்கு ஏன் சாப்பாடு வைச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

"ஆர் வைச்சது?"

"நீங்கள் எல்லாருமாம். இப்ப உள்ள போகேக்க வைச்சனீங்களாம்."

"ஒருத்தரும் ஒண்டும் வைக்கேல்லை" என்றார் தயாபரன்.

"பாவம், மனுசிக்கு நித்திரை காணாது" என்றார் அப்புத்துரை. "இருட்டுப்படாத ஊரில இருந்தால் எனக்கும் இப்பிடித்தான் தெரியும்."

மீக்கா விடவில்லை. அவளுடைய பூங்காவில் மரம் என்று ஒன்று கிடையாது. அங்கே நெடிய செடி என்றால் அது ஆளின் முழங்காலுக்கு வரும். அப்படியானவளின் கண்ணுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையாக ஒரு மரத்தில் கையளவு கொப்பை முறித்து, கம்பியில் தொங்கவிட்டுவிட்டுப் போனால் அது தெரியாமல் போகுமா? பிரஷாந்தினி மெதுவாகத் தொலைபேசியை வாசல் பக்கம் திருப்பினாள். அவளுடைய மற்றக் கையிலும் ஒரு பாலைக் குழை இருந்தது. படம் பிடிக்கிற அவசரத்தில் கட்ட மறந்துபோனது.

காட்டுக்குள் போகிற எவரும் ஒரு குழை முறித்து முதல் மரத்தில் ஐயனாருக்குக் கட்டிவிட்டுத்தான் போவார்கள். உன்னை நம்பி உள்ளே போகிறேன், திரும்ப அனுப்பிவை என்று அதற்கு அர்த்தம். ஊரவரும் செய்வார்கள், உத்தியோகத்தரும் செய்வார்கள். முன்பு முதல் மரமாக ஒரு பழைய வீரை நின்றது. வேலி போடும்போது கம்பிப் பாதைக்காக அதை வெட்டினார்கள். அதற்குப் பிறகு காட்டின் வாயில் நின்றது வேலிதான். பகலில் வேலிக்குக் கறண்ட் இல்லை. பொழுதுபட்டு, உள்ளே போனவர்கள் வெளியே வந்த பிறகுதான் போடுவார்கள். ஆகவே குழையை மேல்கம்பியில் கொழுவிவிட்டுப் போவது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. செருப்புக் கழற்றினதை யார் ஒரு செயல் என்று நினைவில் வைத்திருப்பார்கள்?

கமலாசனி வேலிக்குக் கிட்டப் போய் நின்றாள். மேல்கம்பியில் பாய்வது கறண்ட். அதற்குக் கீழே இருப்பது நிலக்கம்பி, மண்ணோடு தொடுத்தது. மேலே கொழுவிய ஒவ்வொரு குழையும் வளைந்து தொங்கி, இலை நுனியால் நிலக்கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது. எல்லாம் பச்சை, பால் வடிகிற பச்சை. தயாபரன் பக்கம் திரும்பினாள்.

"சேர், இப்ப கறண்டைப் போடுங்கோ."

"ஆக்கள் நிக்கினம் அக்கா."

"எல்லாரும் வரம்புக்குப் போங்கோ. அப்புத்துரையண்ணை, நீங்களும்தான்."

தயாபரன் வேலிக்குக் கறண்ட் தள்ளுகிற பெட்டியின் ஆளியைத் தட்டிவிட்டு மானியை வைத்தார். முள் அரைவாசிக்குக்கூட எழும்பவில்லை. ஆளியை நிறுத்தி, பாதிக் குழைகளை அகற்றித் திரும்பப் போட்டார். முள் ஏறியது. மிச்சத்தையும் அகற்றினார். முள் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் மயிர்ச் சட்டையின் தொப்பியைத் தள்ளிவிட்டு, கையில் இருந்த குழைக்கட்டைப் பார்த்தபடி நின்றார். அதில் பெரிய குழை அவருடையது. இணைத் தலைவர் என்பதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகவே முறிப்பார்.

இதுவரை நடந்தது என்னவென்று கமலாசனி எல்லாருக்கும் விளங்கப்படுத்தினாள். அப்படி விளங்கப்படுத்துவதென்றால் அவளுக்குத் தேன் குடித்த மாதிரி. "பெட்டி ஒவ்வொரு துடிப்பா கறண்டைத் தள்ளுது. அது ஆனையில பட்டு, ஆனையின்ர காலால மண்ணுக்குப் போனால்தான் ஆனைக்குச் சுடும். குழையும் அதே வேலையைத்தான் செய்யுது. மேல்கம்பியில வாங்கிக் கீழ்கம்பியில விடுது. ஒரு குழை எண்டால் ஒரு குட்டி ஆனை. விறகுக்குப் போற நாளில ரண்டு மூண்டு குழைதான், வேலி தாங்கும். கூட்டத்தண்டைக்கு நாங்கள் பன்னிரண்டு பேர், எங்களுக்குப் பின்னால வாற சனம் வேற. பெரிய ஆனை வரேக்க அதுக்குக் குடுக்கக் கறண்ட் மிச்சமில்லை."

"அடுத்த நாள் நான் வந்து பாக்கேக்க சரியாத்தானே இருந்தது?" என்றார் தயாபரன்.

"கம்பியை ஆனை இழுத்து எறிஞ்சால் குழையும் சேர்ந்துதான் விழும். மிச்சத்தை அதுவே தின்னும். அப்பிடியும் கிடக்கிறது வெயிலுக்குக் காஞ்சு போம். காஞ்ச இலை கறண்டைக் கடத்தாது. நீங்கள் புதுசா இழுத்துக் கட்டின கம்பியைத்தான் பாத்தனீங்கள் சேர்."

"மழையண்டு?"

"மழையண்டு நாங்கள் வேலிக்கே வரேல்லை."

அப்புத்துரை நெற்றி வியர்வையைச் சட்டை மயிரால் துடைத்தார். "அப்ப ஆனை கூட்டத்துக்கு வரேல்லை. நாங்கள்தான் போய்க் கதவைத் திறந்து விட்டிருக்கிறம். வேலியைப் பாக்கப் போய்ப் போய் வேலியைக் கெடுத்திருக்கிறம்!"

காரணம் அகப்பட்டுவிட்டது. இனித் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரு பகல்தான் இருந்தது. வரம்பிலேயே குழு உட்கார்ந்தது. தொலைபேசியை ஒரு மண்வெட்டியில் சாத்தி வைத்தார்கள், மீக்காவும் உட்கார்ந்தாள்.

"குழை கட்டுறதை நிப்பாட்டுவம்" என்றார் தயாபரன்.

"சரி. முதல் ஆளா நீங்கள் கட்டாமல் உள்ள போங்கோ சேர்" என்றார் அப்புத்துரை.

தயாபரன் காட்டைப் பார்த்தார். காடும் அவரைப் பார்த்தது. "எனக்கு இண்டைக்குக் கால் கொஞ்சம் உளைவு" என்றார்.

"பிளாஸ்ரிக் குழை வாங்கினால் என்ன? கறண்ட் கடத்தாது" என்றாள் பிரஷாந்தினி.

"ஐயனாருக்குப் பிளாஸ்ரிக்கோ மிஸ்? அதோட பூங்காவுக்குள்ள பிளாஸ்ரிக் தடை. உங்கட திட்டத்திலதான் கிடக்குது, கடல்நாய் இறைச்சிக்கு அடுத்ததா" என்றார் அப்புத்துரை.

கமலாசனி அதுவரை வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் மரம் எது எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். "வீரை நிண்டது, அதில கட்டினம். வீரையை வெட்டினம், வேலியில கட்டினம். காட்டுக்குப் போற வழியில முதல் வாறதில கட்டுறதுதானே வழக்கம். அப்ப வேலிக்கு முன்னால ஒண்டை வைச்சால் அதுதான் முதல்."

"கட்டை நட்டால் மரமாகுமோ பிள்ளை?"

"கட்டை இல்லை அண்ணை. பூவரசில பச்சைத் தடி வெட்டிக் கதியாலா நடுவம். ஊண்டின இடத்தில தளிர்க்கும். அது மரம்தானே."

பிரஷாந்தினி இதை மொழிபெயர்த்தாள். மரம் இல்லாத ஊரிலிருந்து ஒரு மரத்துக்குச் சம்மதம் கேட்பது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. மீக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கடவுள் வேலிக்கு வெளியே அவ்வளவு தூரம் வர விரும்புவாரா?

"ஐயனார் கதிரையில இருக்கிற ஆளில்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் அப்புத்துரை. "குதிரையில இருக்கிற ஆள். வருவார்."

மீக்கா சம்மதித்தாள். தயாபரனின் கால் உளைவும் நின்றுவிட்டது. மறுநாள் காலை அப்புத்துரையின் வளவிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு கதியாலை வெட்டிக்கொண்டு வந்து, கிடங்கு தோண்டி, சாணமும் தண்ணீரும் விட்டு நட்டார்கள். கமலாசனி முதல் குழையைக் கட்டினாள். கட்டிவிட்டு, இது பிடிக்கவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடு, நாளைக்கு நேரமில்லை என்று ஐயனாரிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பணிப்பாளர் இரண்டு வாகனம் நிறைந்த ஆட்களோடு வந்தார். இதுவரை நடந்ததில் அதுதான் பெரிய கூட்டம். வேலியைப் பார்க்க எல்லாரும் இறங்கி நடந்தார்கள். பணிப்பாளரின் சாரதி அனுராதபுரப் பக்கத்துச் சிங்களவர். அந்தப் பக்கத்துக் காடுகளிலும் இதே வழக்கம்தான். கதியாலைக் கண்டதும் ஒருவரையும் கேளாமல் ஒரு குழை முறித்துக் கட்டினார். அதைப் பார்த்துப் பணிப்பாளரும் கட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கட்ட, கதியால் ஒரே நாளில் தழைத்த மரம் மாதிரி ஆகிவிட்டது. வேலியில் ஒரு இலையும் இல்லை. பொழுதுபடத் தயாபரன் ஆளியைத் தட்டிவிட்டு, மானியை வைத்துப் பார்த்து, கமலாசனிக்குத் தலையை ஆட்டினார்.

விடியக் கமலாசனி வயலுக்குப் போனபோது பணிப்பாளரும் தயாபரனும் அங்கே வந்து நின்றார்கள். வேலிக்கு அப்பால் ஈர மண்ணில் தனியனின் அடிகள் கம்பிவரை வந்து, அந்த இடத்தில் மண்ணைக் கிண்டி, காட்டுக்குத் திரும்பியிருந்தன. நெல் நின்றபடி நின்றது. பணிப்பாளர் வாசலுக்குப் போடவென்று கொண்டுவந்த புதுப் பூட்டின் திறப்பைத் தயாபரனிடமும் கமலாசனியிடமும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பிறகு, எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டார்.

அவள் சொன்னாள்: வேலிக்கு இருபது முழம் வெளியே ஒரு பூவரசங்கதியால் நட்டிருக்கிறோம். காட்டுக்குள் போகிற எல்லாரும் குழையைக் கம்பியில் கொழுவாமல் அதில் கட்டுகிறார்கள். கம்பியில் பச்சை இலை படாததால் கறண்ட் முழுவதும் வேலியிலேயே இருக்கிறது, யானை தொட்டால் யானைக்கே போகிறது.